தோப்பில் இரண்டு வண்டு: கருப்புக் கொம்பனா, சிவப்பு மூக்கனா, மரத்தைக் கொன்றது யார்?

கடனாக்கரை கேட்டது:

வணக்கம். ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில், கடனாநதிப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. மொத்தம் 64 மரம். அதில் 41 தாத்தா வைத்த நெட்டை மரங்கள். மற்ற 23-ஐ அப்பா 9 வருஷத்துக்கு முன்னால் கிழக்கு ஓரமாக வைத்தார். போன பங்குனியில் அப்பா தவறிவிட்டார். நான் தூத்துக்குடியில் டீச்சராக வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்து, சனி ஞாயிறு தோப்பில் இருந்துவிட்டுத் திரும்புகிறேன். அப்பாவிடம் கேட்காமல் விட்டது எவ்வளவு என்று ஒவ்வொரு வாரமும் தெரிகிறது.

விஷயம் இதுதான். ஆடிக் காற்றில் அப்பா வைத்த மரம் ஒன்றின் கொண்டை அப்படியே சாய்ந்து தொங்கிவிட்டது. முந்தின வாரம் வரை பச்சையாக, நான்கு குலையோடு நின்ற மரம். வெட்டிப் பார்த்தால் உள்ளே தண்டு கூழாகிக் கிடக்கிறது. பழைய கள் மாதிரி புளித்த நாற்றம். கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள், எண்ணி முடியவில்லை. நாரைச் சுருட்டி வைத்த மாதிரி கூடுகளும் இருந்தன. ஒன்றைப் பிரித்தேன். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் ஒரு வண்டு, நீள மூக்கோடு.

அதே சனிக்கிழமை ராத்திரி தார்சா விளக்கில் வேறொரு வண்டு மோதி விழுந்தது. கருப்பு, என் பெருவிரல் அளவு, தலையில் ஒரு கொம்பு. மறுநாள் தொழுவத்துக்குப் பின்னால் இருக்கிற எருக்குழியைக் கிளறினால் அங்கேயும் கொழுத்த வெள்ளைப் புழு.

மரம் ஏற வருகிற மாமா, "கொம்பு உள்ளது ஆம்பளை, மூக்கு உள்ளது பொம்பளை, ரெண்டும் ஒண்ணுதான் தாயி" என்கிறார். பக்கத்துத் தோப்புக்காரர், "எருக்குழிப் புழுதான் மரத்துக்குள்ள ஏறியிருக்கு, மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திரு" என்கிறார். மூன்று வண்டி எரு இருக்கும். அப்பா தன் கையால் சேர்த்தது. கொளுத்த மனசு வரவில்லை. ஆனால் அதை வைத்திருந்து மற்ற 22 மரமும் போய்விட்டால் என்ன செய்வது?

இரண்டும் ஒரே வண்டா? எருக்குழிப் புழுவும் மரத்துப் புழுவும் ஒன்றா? மிச்சம் இருக்கிற மரங்களில் எதற்குள் புழு இருக்கிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேரிமணல் பதில்:

நான் திசையன்விளைப் பக்கம். எங்களுக்குப் பனைதான் அதிகம், இரண்டு வண்டும் பனைக்கும் வரும். ஆண் பெண் என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள், ஆனால் அது சரியில்லை. இரண்டும் தனித்தனி. விவரமாகச் சொல்ல வடகரை அண்ணாச்சிதான் சரி, அவருக்குத் தகவல் சொல்லியிருக்கிறேன். அவர் எழுதுகிற வரைக்கும் தீப்பெட்டியைத் தொடாதீர்கள்.

வடகரைத் தோப்பு பதில்:

தங்கச்சி, எருவைக் கொளுத்த வேண்டாம். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம், இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வயலிலிருந்து வந்த கையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு வடகரையில், அடவிநயினார் அணைத் தண்ணீர் பாய்கிற இடத்தில் தோப்பு. 36 வருஷமாகத் தென்னையோடுதான் பிழைப்பு. நீங்கள் சொன்ன இரண்டு வண்டும் என் தோப்பில் உண்டு. ஆரம்பத்தில் நானும் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்தேன். கருப்பு வண்டைப் பிடித்துக் கொன்றால் போதும் என்று இருந்துவிட்டு, ஒரே வருஷத்தில் 11 இளமரங்களைப் பறிகொடுத்தேன். அந்த 11 மரம் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

கொம்போடு வருவது காண்டாமிருக வண்டு. மூக்கோடு வருவது சிவப்புக் கூன்வண்டு. இரண்டும் சோடி கிடையாது. கருப்பில் ஆணுக்கும் கொம்பு, பெண்ணுக்கும் கொம்பு. ஆணுக்கு நீளம், பெண்ணுக்குக் கட்டை. சந்தேகமாக இருந்தால் பின்பக்க நுனியைப் பாருங்கள், பெண்ணுக்கு அங்கே செம்பட்டை முடி அடர்ந்திருக்கும். சிவப்பிலும் இரண்டுக்கும் மூக்கு உண்டு. ஆணின் மூக்கு மேலே பிரஷ் வைத்த மாதிரி கொஞ்சம் முடி, பெண்ணின் மூக்கு வழவழப்பு. உங்கள் மாமாவிடம் கோபப்பட வேண்டாம். அவர் மரத்து உச்சியில் இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்திருப்பார். ஏன் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதுதான் முக்கியம்.

கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்கு ஒருநாள் பயிற்சிக்குப் போயிருந்தபோது அங்கே ஒருவர் சொன்னது என் மனசில் அப்படியே நின்றுவிட்டது. கருப்பு வண்டு, சாணி உருட்டுகிற வண்டுக்குச் சொந்தம். சிவப்பு வண்டு, நம் வீட்டு அரிசி வண்டுக்குச் சொந்தம். வீட்டுக்கு வந்ததும் அரிசிப் பானையிலிருந்து ஒரு வண்டைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து, பேரனின் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அதே மூக்கு! அரிசி வண்டு என்ன செய்கிறது? மூக்கால் மணியில் துளை போட்டு, முட்டை வைத்து, துளையை மூடிவிடுகிறது. காலில்லாத புழு மணிக்குள்ளேயே தின்று, மணிக்குள்ளேயே கூடாகி, வண்டாகித்தான் வெளியே வருகிறது. அதுவரைக்கும் வெளியே பார்த்தால் மணி நன்றாகவே இருக்கும். சிவப்புக் கூன்வண்டுக்குத் தென்னை மரம் அந்த மாதிரி ஓர் அரிசி மணி. உங்கள் மரம் நான்கு குலையோடு பச்சையாக நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

கருப்பு வண்டுக்கு வழி வேறு. அதன் பிள்ளை சாணி வண்டின் பிள்ளையைப் போல மக்கியதைத் தின்று வளர்கிறது. எருக்குழி, மக்கின கட்டை, இற்றுப்போன அடித்தூர், அழுகிய நார், இவைதான் அதற்கு வீடு. உயிருள்ள மரத்தை அந்தப் புழு தொடாது. மூன்று நான்கு மாதம் எருவைத் தின்று, மண்ணுக்குள் கூடாகி, வண்டாகி, ஒரு நாள் இருட்டின பிறகு பறந்து மரத்துக் குருத்துக்குப் போகிறது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் உயிரோடு இருந்து மரம் மரமாகக் குடைகிறது.

ஆகவே கருப்பில் குற்றவாளி பெரியவன், பிள்ளை அப்பாவி. சிவப்பில் அப்படியே தலைகீழ். பெரியவன் மரத்துக்குச் செய்கிற சேதம் கொஞ்சம், அவன் பிள்ளைதான் மரத்தைக் கொல்கிறான். பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னபடி எருக்குழிப் புழு ஊர்ந்து மரத்துக்குள் ஏறாது.

இரண்டு புழுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். எருக்குழியில் இருப்பது பிறை மாதிரி வளைந்து கிடக்கும், நெஞ்சுப் பக்கம் மூன்று சோடிக் கால் தெளிவாகத் தெரியும். மரத்துக்குள் இருப்பதற்குக் காலே கிடையாது. நடுவில் பருத்து, இரண்டு முனையும் ஒடுங்கி, தலை மட்டும் பழுப்பாகக் கெட்டியாக இருக்கும். நடக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லையே, சோற்றுக்குள்ளேயே பிறந்தது.

இனி மரத்தைப் பார்க்கும் விதம். கருப்பு வண்டு விரியாத குருத்தைத்தான் குடையும். குருத்தில் ஓலையெல்லாம் மடிந்து சேர்ந்திருக்கிறது இல்லையா, அதனால் ஒரே துளை பல ஓலையையும் வெட்டிவிடும். காகிதத்தை மடித்துக் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டிப் பிரித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். அதேதான் தென்னையில் நடக்கிறது. மட்டை விரிந்ததும் விசிறியை முக்கோணமாக நறுக்கினது போல இருக்கும். நன்றாகப் பராமரித்த தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை விடும், வருஷத்துக்கு 12. அதனால் வெட்டுப்பட்ட மட்டை மேலிருந்து எத்தனையாவது என்று எண்ணினால் வண்டு ஏறக்குறைய எந்த மாதம் வந்து போயிருக்கிறது என்று கணக்குப் போடலாம். நான் ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே நின்று எண்ணுவேன். ஆனி முதல் புரட்டாசி வரைக்கும்தான் அதிகமாக வரும். சாரல் பெய்து காற்று ஈரமாக இருக்கிற நாளில் விளக்குக்கு வந்து விழுவதும் அப்போதுதான்.

வளர்ந்த மரத்தைக் கருப்பு வண்டு சாதாரணமாகக் கொல்வதில்லை. ஓலை குறையும், பாளையைக் குடைந்தால் காய் குறையும். சின்னத் தென்னம்பிள்ளை என்றால் குருத்தின் அடி வரைக்கும் குடைந்து கொன்றுவிடும், அது வேறு.

இப்போது இரண்டும் ஏன் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதற்கு வருகிறேன். சிவப்பு வண்டுக்கு மரத்தின் காயம் வேண்டும். தென்னைச் சாறு கசிகிற வாசனையைப் பிடித்துக்கொண்டு பகலிலேயே வரும். காயத்தில் மூக்கால் குழி பறித்து முட்டை வைக்கும். ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் 200-க்கு மேல் முட்டை வைக்கும். மூன்று நாளில் பொரிந்து, ஒன்றிலிருந்து மூன்று மாதம் உள்ளே தின்று, நீங்கள் பார்த்த நார்க்கூட்டுக்குள் இரண்டு மூன்று வாரம் இருந்து வண்டாகும். வெளியே வரக்கூட அவசரப்படாது, அதே மரத்துக்குள்ளேயே அடுத்த தலைமுறை தொடங்கிவிடும். அந்தக் காயத்தை உண்டாக்கியது யார்? பாதி நேரம் கருப்பு வண்டு. குருத்தில் அவன் போட்ட துளை வழியாகத்தான் இவள் நுழைகிறாள். என் 11 மரத்தில் நடந்தது அதுதான். நான் கம்பியை விட்டுக் கருப்பு வண்டை எடுத்து, நசுக்கி, வெற்றியோடு இறங்கினேன். துளையை அடைக்கவில்லை.

மீதிப் பாதி நேரம் நாம். பச்சை மட்டையை மரத்தை ஒட்டி வெட்டுகிறோம். ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி கொத்துகிறோம். உழும்போது கலப்பை அடித்தூரை உரசுகிறது. 5 வயதிலிருந்து 20 வயது வரைக்கும் உள்ள மரத்தைத்தான் சிவப்பு வண்டு அதிகம் தேடும். உங்கள் 23-ம் அந்த வயதுதான். ஆகையால் பச்சை மட்டை வெட்டக்கூடாது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர், அதாவது நான்கு அடி தள்ளி வெட்டச் சொல்லுங்கள். தண்டில் எந்தக் காயம் இருந்தாலும் தாரோ சிமென்டோ பூசி அடைத்துவிடுங்கள்.

எந்த மரத்தில் புழு இருக்கிறது என்று கேட்டீர்கள். வெள்ளெனக் காற்று எழும்புகிறதுக்கு முன்னால் போங்கள். ஒவ்வொரு மரத்திலும் அடியிலிருந்து தலை உயரம் வரைக்கும் காதை ஒட்டி வைத்துக் கேளுங்கள். புழு இருந்தால் நறநறவென்று மெல்லுகிற சத்தம் வரும். பைய, விட்டுவிட்டு வரும், ஒரு மரத்துக்கு ஐந்து நிமிஷமாவது நில்லுங்கள். அப்புறம் தண்டில் சின்னத் துளை, அதிலிருந்து பழுப்பாகப் பிசின் வடிகிறதா, மென்று துப்பின நார் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்மட்டை மஞ்சளாவது கடைசிக்கட்டம்.

புழு இருக்கிற மரத்தில் கீழ்த்துளைகளை எல்லாம் களிமண்ணாலோ சிமென்டாலோ அடைத்துவிட்டு, மேல் துளையில் புனல் வைத்து மருந்து ஊற்ற வேண்டும். இமிடாகுளோப்ரிட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி. ஊற்றிவிட்டு அந்தத் துளையையும் அடைத்துவிட வேண்டும். முதல் தடவை செய்யும்போது உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரை வரச்சொல்லிக் காட்டிவிட்டுச் செய்யுங்கள், மருந்து விஷயத்தில் நான் எழுதினதை மட்டும் நம்ப வேண்டாம். கொண்டை சாய்ந்தபிறகு எந்த மருந்தும் பயனில்லை.

எருக்குழிக்கு வருகிறேன். அப்பா சேர்த்த எரு நல்ல எருதான். குழியில் இருப்பதை அள்ளி வெயிலில் பரப்புங்கள், புழுவைப் பொறுக்குங்கள். பக்கத்தில் நாட்டுக்கோழி இருந்தால் அவிழ்த்துவிடுங்கள், ஒன்று மிச்சம் வைக்காது. என் குழிக்குச் செம்போத்து ஒன்று காலையில் வந்து கிளறிவிட்டுப் போகும், அதை நான் விரட்டுவதே இல்லை. புழு எடுத்த எருவை மரத்துக்குப் போட்டுவிடுங்கள். குழியில் எருவை மாதக்கணக்கில் தேக்கி வைப்பதுதான் தப்பு.

கடையநல்லூரான் பதில்:

சகோதரி, நான் கடையநல்லூர், இப்போது சவூதியில் அல் அஹ்ஸா பக்கம் ஒரு பேரீச்சைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் நெஞ்சு திக்கென்றது. அந்த நார்க்கூட்டை இங்கே நான் வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

சிவப்பு வண்டு நம் பக்கத்து வண்டு. 1980-களின் நடுவில்தான் வளைகுடா நாடுகளுக்கு வந்திருக்கிறது, நட்டு வளர்க்கக் கொண்டு வந்த கன்றுகளோடு. தென்னையில் 11 மரம் போனதற்கு அண்ணாச்சி வருத்தப்படுகிறார். இங்கே அது வந்த பிறகு பேரீச்சைக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய எதிரியே இல்லை. தண்டுக்குள் ஒலி கேட்கும் கருவியைச் செருகிப் புழு மெல்லுகிற சத்தத்தைப் பிடிக்க ஆராய்ச்சிக்காரர்கள் பாடுபடுகிறார்கள். அண்ணாச்சி காதை வைத்துக் கேட்கச் சொன்னாரே, அதே வேலைதான்.

இங்கே நாங்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிற ஒன்றைச் சொல்கிறேன். பேரீச்சையின் அடியில் பக்கக்கன்று வரும், அதைப் பிரித்தெடுத்தால் பெரிய காயம். அந்தக் காயத்துக்கு அன்றைக்கே மருந்து தூவி, மண் அணைத்து மூடிவிட வேண்டும். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டால் அதற்குள் வண்டு வந்திருக்கும். நீங்களும் மட்டை வெட்டுகிற நாளில் தார் டப்பாவைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். எங்க வாப்பாவுக்கும் போனில் இதைத்தான் சொன்னேன், அவருக்குச் சொக்கம்பட்டிப் பக்கம் 30 மரம் இருக்கிறது.

எருக்குழி பதில்:

அக்கா, நான் கிள்ளிகுளத்தில் வேளாண்மை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அண்ணாச்சி எழுதியதை விடுதியில் எல்லோருக்கும் படித்துக்காட்டினேன். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

கருப்பு வண்டு குருத்தை உண்மையில் தின்று விழுங்குவதில்லை. மென்று சாறை மட்டும் குடித்துவிட்டு நாரைத் துளை வாசலில் தள்ளிவிடுகிறது. அந்த நார்ப்பிசிறு மட்டை இடுக்கில் புதுசாக, ஈரமாகத் தெரிந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், கம்பிக் கொக்கி விடலாம். காய்ந்து பழுப்பாகியிருந்தால் வண்டு போய்விட்டது, சும்மா குத்திக் குருத்தைக் காயப்படுத்த வேண்டாம். அண்ணாச்சி சொன்ன மாதிரி அந்தத் துளையை மூட வேண்டும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உச்சியில் உள்பக்கத்து மூன்று மட்டை இடுக்கில் போடச் சொல்வார்கள். சின்னத் தென்னம்பிள்ளைகளுக்கு மட்டை இடுக்கில் மூன்று பாச்சை உருண்டை வைக்கலாம், 45 நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இன்னொன்று, எருக்குழியில் புழு பொறுக்கும்போது பச்சைப் பொடி பூசின மாதிரி விறைத்துச் செத்துக் கிடக்கிற புழு ஏதாவது கண்ணில் பட்டால் அதை எறிந்துவிடாதீர்கள். அது மெட்டாரைசியம் என்ற பூஞ்சை பிடித்துச் செத்தது. அதைக் குழியிலேயே புதைத்துவிட்டால் மற்றப் புழுக்களுக்கும் பரவும். அந்தப் பூஞ்சையை வளர்த்தும் கொடுக்கிறார்கள், குழி ஈரமாக இருக்கும்போது கலந்துவிடலாம். அதற்கும் இந்த வண்டின் வாழ்க்கை முறைதான் வசதி. பிள்ளைகள் எல்லாம் ஒரே குழியில் கூடி வளர்வதால் நோய் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சிவப்பு வண்டின் பிள்ளை மரத்துக்குள் பூட்டிக்கொண்டு இருப்பதால் நோய் அவ்வளவு எளிதாகப் போய்ச் சேராது.

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று இருக்கிறது. 1909-ல் இலங்கையிலிருந்து போன ரப்பர் நாற்றுகளோடு இந்தக் கருப்பு வண்டு சமோவா தீவுக்குப் போய்விட்டது. அங்கே அதற்கு எதிரியே இல்லை, தென்னையெல்லாம் பாழ். பல வருஷத்துக்குப் பிறகு, 1963-ல், மலேசியாவில் அலோய்ஸ் ஹூகர் என்ற ஆராய்ச்சியாளர் இந்த வண்டின் புழுவுக்கு வருகிற ஒரு வைரஸ் நோயைக் கண்டுபிடித்தார். அதைச் சமோவாவுக்குக் கொண்டுபோய் விட்டதும் வண்டு அடங்கியது. நோய் பிடித்த வண்டு உடனே சாவதில்லை. சாப்பாடு குறைந்து, முட்டை குறைந்து, போகிற இடமெல்லாம் மற்ற வண்டுகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாகும். நம் நாட்டிலும் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், நோய் ஏற்றிய வண்டுகளை ஹெக்டேருக்கு 10 முதல் 15 வரை விடலாம் என்று பரிந்துரைக்கிறது.

தேரிமணல் பதில்:

கவர்ச்சிப்பொறி வைக்கலாமா அண்ணாச்சி? எங்கள் பக்கம் ஒருவர் தென்னம்பிள்ளைகள் நடுவிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

வடகரைத் தோப்பு பதில்:

பிள்ளைகள் நடுவில் வைக்கவே கூடாது தம்பி. பொறி வாசனை காட்டி வண்டைக் கூப்பிடுகிறது. கூப்பிட்ட வண்டெல்லாம் வாளிக்குள்ளேயே விழும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? பாதி வழியில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் அங்கேயே இறங்கிவிடும். தோப்பின் ஓரத்தில், இளமரங்களுக்குத் தள்ளி வைக்க வேண்டும். இரண்டு வண்டுக்கும் வாசனை வேறு வேறு, ஒரே வாளியில் வேலை முடியாது. சிவப்பு வண்டுக்கு வாளிக்குள் வாசனைக் குப்பியோடு புளிக்கிற தீனியும் போட வேண்டும், இல்லாவிட்டால் வராது.

2 ஹெக்டேருக்கு ஒன்று போதும், அதாவது 5 ஏக்கருக்கு ஒன்று. தங்கச்சியின் 64 மரம் ஒரு ஏக்கருக்குள்தான் வரும். அவர் தனியாக வைத்தால் ஊர் வண்டெல்லாம் அவர் தோப்புக்கு வரும். பக்கத்துத் தோப்புக்காரரையும் சேர்த்து நான்கு ஐந்து பேராக வைத்தால் நல்லது. தனியாகச் செய்ய வேண்டும் என்றால் பழைய முறை இருக்கிறது. ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, சின்ன மண் கலயங்களில் ஊற்றித் தோப்பில் ஆங்காங்கே வையுங்கள். கருப்பு வண்டு தேடிவந்து விழும். தினமும் பார்த்து எடுத்துவிட வேண்டும்.

கடனாக்கரை பதில் (இரண்டு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை நானும் மரம் ஏறுகிற மாமாவும் எருக்குழியை அள்ளிப் பரப்பினோம். 143 புழு. எல்லாம் வளைந்து, காலோடு. முதலில் இரண்டை எடுத்து மாமாவிடம் காட்டினேன். மரத்திலிருந்து எடுத்து பாட்டிலில் வைத்திருந்த புழுவையும் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாப்பது வருசமா ரெண்டையும் ஒண்ணுன்னுல்லா நெனச்சேன்" என்றார். பக்கத்து வீட்டு ஆச்சி தன் கோழிகளைக் கொண்டுவந்து விட்டார். பச்சைப் பொடி பூசின புழு 3 கிடைத்தது, அவற்றைக் குழி ஈரத்திலேயே புதைத்துவிட்டேன். எரு முழுவதையும் மிச்சம் இருக்கிற 63 மரத்துக்கும் பிரித்துப் போட்டாகிவிட்டது. அப்பா சேர்த்த கடைசி எரு அப்பா மரத்துக்கே போனது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு 22 மரத்திலும் காதை வைத்துக் கேட்டேன். முதல் எட்டு மரத்தில் ஒன்றும் இல்லை, என் இதயம் அடிப்பதுதான் கேட்டது. ஒன்பதாவதில் கேட்டது. நறநற என்று அண்ணாச்சி எழுதியது சரிதான், எனக்கு ஈர மணலில் யாரோ மெதுவாக நடப்பது போல இருந்தது. பதினேழாவதிலும் கேட்டது. அதில் இடுப்பு உயரத்தில் பழுப்புப் பிசின் வடிந்திருந்தது. இரண்டிலும் பழைய படிக்கொத்து இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே துளை. வேளாண்மை அலுவலர் திங்கள்கிழமை வந்து நின்று மருந்து ஊற்றக் காட்டிக்கொடுத்தார். நேற்று மறுபடி கேட்டேன். ஒன்பதாவது மரத்தில் சத்தம் இல்லை. பதினேழில் இன்னும் லேசாக இருக்கிறது, அதற்கு இன்னொரு தடவை ஊற்றச் சொல்லியிருக்கிறார்.

மட்டையையும் எண்ணிப் பார்த்தேன் அண்ணாச்சி. கிழக்கு வரிசையில் ஆறு மரத்தில் முக்கோண வெட்டு இருக்கிறது.

வடகரைத் தோப்பு பதில்:

தங்கச்சி, இரண்டு மரத்தைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த ஆறு மரத்துக்கும் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் உடனே போடுங்கள். கருப்பு திறந்து வைத்த கதவு அது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். ஆடியில் விழுந்த மரத்தை வெட்டினீர்களே, அந்தக் கட்டை எங்கே கிடக்கிறது?

கடனாக்கரை பதில்:

வேலி ஓரத்தில் கிடக்கிறது அண்ணாச்சி. கொண்டையை மட்டும் எரித்தோம். தண்டு நீளமாக அப்படியே இருக்கிறது, அடித்தூரும் தோண்டவில்லை. விறகுக்கு ஆகும் என்று மாமா போட்டு வைத்தார்.

வடகரைத் தோப்பு பதில்:

அதை இந்த வாரமே பிளந்தாக வேண்டும். தண்டுக்குள் மிச்சம் இருக்கிற சிவப்புக் கூடுகள் வண்டாகி அங்கிருந்தே பறக்கும், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உங்கள் 22 மரம். சிவப்பு எல்லாம் போன பிறகு கட்டை மழையில் இற்றுப்போகும். இற்றுப்போன தென்னங்கட்டைதான் கருப்பு வண்டு முட்டை வைக்க எருக்குழிக்கு அடுத்தபடியாகத் தேடுகிற இடம். எருக்குழியைக் காலி செய்துவிட்டு அதே வேலியில் இன்னொரு குழியை வைத்திருக்கிறீர்கள். கருப்பு துளைத்து, சிவப்பு கொன்று, செத்த மரத்தில் மறுபடி கருப்பு பிள்ளை வளர்க்கும். என் தோப்பில் மூன்று வருஷம் இப்படியே சுற்றியது.

நெடுக்குவாட்டில் நான்காகப் பிளந்து, உள்ளே இருப்பதை எல்லாம் எரித்துவிடுங்கள். அடித்தூரையும் தோண்டி எடுங்கள், அதை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பிளந்து நன்றாகக் காய்ந்த துண்டு விறகுக்கு ஆகும், தாராளமாக அடுப்பில் வைக்கலாம்.

கடனாக்கரை பதில்:

மாமாவுக்கு இப்போதே போன் செய்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் கோடாலியோடு இரண்டு ஆள் கூட்டி வருகிறார். அடித்தூர் தோண்ட ஒரு நாள் கூடுதலாகும் என்றார், திங்கள்கிழமைக்கு லீவு போட்டிருக்கிறேன்.